உஷார்! ‘முன்–பின்’ படம் பார்த்துப் பணத்தைக் கட்டிவிடாதீர்கள்

இடப்பக்கம் பளபளக்கும் உச்சந்தலை, வலப்பக்கம் கருகரு முடி, கீழே ‘90 நாளில்!’ என்று கொட்டை எழுத்து. பார்த்ததும் கை போனைத் தேடுகிறதா? பொறுங்கள். முடி மாதத்துக்கு ஏறக்குறைய 1 செ.மீ.தான் வளரும். மருந்து கேட்டாலும், கேட்டது தெரிய ஆறு மாதம், ஒரு வருடம் ஆகும்.

படத்தில் செய்யும் தில்லுமுல்லுக்கு மருந்தே தேவையில்லை. ஈர முடி, உச்சியில் விளக்கு என்றால் மண்டை தெரியும். அதே தலையைக் காயவைத்து, வகிட்டை மாற்றிச் சீவி, முன்பக்க வெளிச்சத்தில் எடுத்தால் ‘வளர்ந்துவிடும்’.

நிஜமான அளவீடு எப்படி இருக்கும்? ஆண்களின் முடி உதிர்வுக்கான ஃபினாஸ்டரைடு 1 மி.கி. மாத்திரைக்கு அமெரிக்கா 1997-ல் அனுமதி தருவதற்கு முன், 1,553 ஆண்களிடம் சோதித்தார்கள். உச்சந்தலையில் ஓர் அங்குல வட்டம். அடுத்த முறையும் அதே இடம் கிடைக்க ஒரு புள்ளி பச்சை குத்தினார்கள். வட்டத்துக்குள் முடியை ஒட்ட நறுக்கி, பெரிதாக்கிப் படமெடுத்து எண்ணினார்கள். தொடக்கத்தில் சராசரி 876 முடி. ஒரு வருடத்தில் மருந்து சாப்பிட்டவர்களுக்கு 86 கூடியது. ஒப்பிடுவதற்காக மருந்தில்லாத வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு 21 குறைந்தது. அந்த 21-ஐ விட்டுவிடாதீர்கள். சும்மா இருந்தால் கொட்டிக்கொண்டே போகும் தலையில், இருப்பது நின்றாலே மருந்து வேலை செய்கிறது என்று அர்த்தம்.

அதே சோதனையில் இன்னொரு கூத்து: யாருக்கு எந்த மாத்திரை என்று தெரியாமல் படங்களை ஒப்பிட்ட நிபுணர் குழு, வெற்று மாத்திரைக்காரர்களிலும் 100-க்கு 7 பேருக்கு முடி கூடியதாகவே சொன்னது. அந்த ஏழு பேரை மட்டும் கூப்பிட்டு கேமரா முன் உட்காரவைத்தால், வெறும் தண்ணீரைக்கூட பாட்டிலில் அடைத்து விற்றுவிடலாம்!

சீப்பில் வரும் முடியை எண்ணியும் ஏமாறாதீர்கள். முடி வளர்வதற்கான மினாக்சிடில் மருந்தைத் தடவத் தொடங்கிய முதல் வாரங்களில் பலருக்குக் கொட்டல் கூடும். பழைய முடி உதிர்ந்து புதியதற்கு வழிவிடுகிறது. பயந்து அங்கேயே நிறுத்துபவர்கள்தான் அதிகம் நஷ்டப்படுகிறார்கள். பலன் கிடைத்தபின் நிறுத்தினாலும், கிடைத்தது சில மாதங்களில் போய்விடும்.

முக்கியமான எச்சரிக்கை, வயது ஐம்பதை நெருங்குபவர்களுக்கு. ஃபினாஸ்டரைடு, ப்ராஸ்டேட் புற்றுநோய்க்காகப் பார்க்கும் பி.எஸ்.ஏ. அளவை ஏறக்குறையப் பாதியாக்கிவிடும். ரிப்போர்ட் ‘நார்மல்’ என்று வரும். உள்ளே வேறு கதை நடந்துகொண்டிருக்கலாம். எனவே டாக்டர் சீட்டில்லாமல் மருந்துக்கடையில் வாங்கி விழுங்காதீர்கள். ரத்தப் பரிசோதனைக்குப் போனால் முடி மாத்திரை சாப்பிடுவதைக் கூச்சப்படாமல் சொல்லுங்கள். டாக்டர் அந்த எண்ணை இரட்டிப்பாக்கிப் பார்ப்பார்.