காகிதக் கவரில் வரும் வலி மாத்திரை

மருந்துக் கடையில் அடிக்கடி பார்க்கும் காட்சி. "முட்டி வலி தாங்கல தம்பி, மூணு நாளைக்குக் குடு" என்பார் ஒருவர். கடைப் பையன் அட்டையைக் கத்தரியால் வெட்டி, காகிதக் கவரில் போட்டு நீட்டுவான். "சாப்பிட்டுட்டுப் போடுங்க" என்பதோடு ஆலோசனை முடிந்துவிடும். எங்கள் தெரு இட்லிக் கடை அக்கா எட்டு மாதம் இப்படித்தான் மாத்திரை வாங்கினார்.

மாத்திரையால் வயிற்றில் புண் எப்படி வருகிறது?

டைக்ளோபினாக், அசிக்ளோபினாக், ஐபுபுரூஃபன், நாப்ராக்சென் எல்லாம் ஒரே குடும்பம். இவை வலியைக் குறைக்கும் விதத்தை 1971-இல் விஞ்ஞானி ஜான் வேன் கண்டறிந்தார். 1982-இல் நோபல் பரிசில் அவருக்கும் பங்கு கிடைத்தது. புராஸ்டாகிளாண்டின் என்ற பொருள் உடலில் சுரப்பதை இம்மாத்திரைகள் தடுக்கின்றன. மூட்டில் வீக்கத்தையும் வலியையும் தூண்டுவது அதுதான். இரைப்பையின் உட்சுவரில் சளிப் படலத்தையும் ரத்த ஓட்டத்தையும் காப்பதும் அதேதான். அது குறைந்தால், வயிற்றில் சுரக்கும் அமிலம் வயிற்றையே அரிக்கத் தொடங்கும்.

மாத்திரை வயிற்றில் நேராகப் படுவதைவிட, ரத்தத்தில் கலந்து செய்யும் கெடுதல்தான் பெரிது. அதனால் ஊசியாகப் போட்டாலும் ஆபத்து நீங்காது. சாப்பிட்டபின் போட்டால் எரிச்சல் குறையலாம். புண் வராது என்று சொல்ல முடியாது.

யார் கவனமாக இருக்கவேண்டும்?

65 வயதைக் கடந்தவர்கள், முன்பு குடற்புண் வந்தவர்கள், ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள், ஸ்டீராய்டு சாப்பிடுபவர்கள். இதயத்துக்காகத் தினமும் போடும் 75 மில்லிகிராம் ஆஸ்பிரினும் இதே குடும்பம்தான். அதோடு வலி மாத்திரை சேர்ந்தால் ஆபத்து கூடும். அதற்காக ஆஸ்பிரினை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். முன்பு புண் வந்தவர்கள், புண்ணை உண்டாக்கும் ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமி இருக்கிறதா என்றும் பரிசோதித்துக்கொள்வது நல்லது.

கேஸ் மாத்திரை போட்டால் போதுமா?

எல்லா 'கேஸ் மாத்திரை'யும் ஒன்றல்ல. நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கும் ஜெல், எரிச்சலை மறைக்குமே தவிர புண்ணைத் தடுக்காது. நல்ல பாதுகாப்பு தருபவை ஒமெப்ரசோல், பேன்டோப்ரசோல் வகை. பலரும் இவற்றைச் சாப்பாட்டுக்குப் பிறகு வலி மாத்திரையோடு சேர்த்து விழுங்குகிறார்கள். சாப்பாட்டுக்கு அரைமணி நேரம் முன்பு போட்டால்தான் முழுப்பலன். அப்போதும் இரைப்பைக்கும் முன்சிறுகுடலுக்கும்தான் காவல். அதற்குக் கீழே உள்ள குடலுக்கோ சிறுநீரகத்துக்கோ இல்லை.

ஆகவே வலி மாத்திரையைக் குறைப்பதே முதல் வேலை. முட்டி வலிக்கு டைக்ளோபினாக் ஜெல் தடவிப் பாருங்கள். ரத்தத்தில் சேரும் அளவு மிகக் குறைவு. தொடைத் தசைக்குப் பயிற்சி செய்தால் பாரம் முட்டியில் இறங்குவது குறையும். பாராசிட்டமால் வயிற்றுக்கு இதமானது, ஆனால் அளவு மீறினால் கல்லீரலைக் கெடுக்கும். மாத்திரை தேவைதான் என்றால், குறைந்த அளவில், குறைந்த நாட்களுக்கு, ஒரே ஒரு வகை. அட்டையில் பெரிதாக அச்சிட்ட பெயரை விட்டுவிட்டு, உள்ளிருக்கும் மருந்தின் பெயரைப் படியுங்கள். இரண்டு பெயரில் ஒரே மருந்தைச் சாப்பிடுகிறவர்கள் நிறையப் பேர்.

கருப்பாகப் போனால்

மலம் தார் போலக் கருத்து, பிசுபிசுத்து, கடும் நாற்றத்தோடு போனாலும், வாந்தி காபித்தூள் நிறத்தில் வந்தாலும் வயிற்றுக்குள் ரத்தம் கசிகிறது என்று பொருள். அன்றே மருத்துவமனைக்குப் போகவேண்டும். அக்காவுக்கு மூன்று நாள் கருப்பாகப் போயிருக்கிறது. இரும்புச்சத்து மாத்திரையால்தான் என்று விட்டுவிட்டார். நான்காம் நாள் அடுப்படியில் தலைசுற்றி உட்கார்ந்தவரைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். எண்டோஸ்கோப்பியில் புண் தெரிந்தது, ரத்தம் ஏற்றினார்கள். அந்த எட்டு மாதத்தில் ஒருநாளும் வெறும் வயிற்றில் மாத்திரை போட்டதில்லை. நாலு இட்லி சாப்பிட்டுவிட்டுத்தான் போடுவார். வயிறு ஒருமுறைகூட வலிக்கவில்லை என்றார். வலியை அடக்கத்தானே மாத்திரை!

என்ன மருந்து சாப்பிட்டீர்கள் என்று மருத்துவர் கேட்டார். அக்கா காகிதக் கவரை நீட்டினார். மருந்தின் பெயர் இருந்த பாதி அட்டை கடையிலேயே தங்கிவிட்டிருந்தது.