நடுவானில் எஞ்சின் நின்றால்?

வீரசோழன் கண்மாய்க்கு மேலே பருந்து வட்டமிடுவதைப் பார்த்திருப்பீர்கள். வெயிலில் சூடேறி எழும் காற்று தாங்குவதால், அது சிறகடிக்காமலே மிதக்கிறது. எஞ்சின் நின்ற விமானமும் கல்லைப்போல் விழுந்துவிடாது. உயரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செலவழித்து முன்னே சறுக்கிச் செல்லும்.

சிறிய விமானம் ஒன்று 1 கிலோமீட்டர் இறங்குவதற்குள் ஏறத்தாழ 9 கிலோமீட்டர் முன்னே போய்விடும். அதற்குள் இறங்க இடம் தேட வேண்டும். வற்றிய கண்மாய் மேலிருந்து சமதளமாகத் தெரியும். ஆனால் சீமைக்கருவேலும் வெடித்த வண்டலும் விமானத்தைக் கவிழ்த்துவிடும். அறுவடை முடிந்த புஞ்சையே மேல்.

விமானத்தைத் தாமே கட்டிப் பறப்பவர்கள் உண்டு. சென்னையில் ஓட்டல் நடத்திய டி ஏஞ்சலிஸ், தாமே வடிவமைத்த விமானத்தை 1910-இல் பல்லாவரத்தில் பறக்கவிட்டார். இத்தகைய விமானங்களில் பல நேரங்களில் எஞ்சின் பழுதாகி நிற்பதில்லை. எரிபொருள் வந்து சேராததால் நிற்கிறது.

அமெரிக்கரான பர்ட் ரூட்டன் வடிவமைத்த இரு விமானங்களின் கதையைக் கேளுங்கள். 'வாயேஜர்' 1986 டிசம்பரில் எங்கும் இறங்காமல், எரிபொருள் நிரப்பாமல் உலகைச் சுற்றியது. பயணம் முடியும் தறுவாயில் எரிபொருள் தடைப்பட்டு, ஓடிக்கொண்டிருந்த பின் எஞ்சின் நின்றது. விமானிகள் சறுக்கியபடியே, நிறுத்தி வைத்திருந்த முன் எஞ்சினை இயக்கினர். டிசம்பர் 23 அன்று பத்திரமாகத் தரையிறங்கினர்.

மற்றொன்று 'லாங்-ஈஸி'. ரூட்டனின் வரைபடத்தில், எரிபொருள் தொட்டியை மாற்றும் பிடி விமானியின் கால்களுக்கிடையே இருந்தது. ஒரு விமானத்தைக் கட்டியவர் அதை இடது தோளுக்குப் பின்னால் வைத்துவிட்டார். பாடகர் ஜான் டென்வர் பின்னர் அந்த விமானத்தை வாங்கினார். 1997 அக்டோபர் 12 அன்று, பிடியைத் திருப்ப உடலை முறுக்கியபோது, அவருடைய கால் தன்னை அறியாமல் சுக்கான் மிதியை அழுத்தியது என்பது விசாரணையின் முடிவு. விமானம் கட்டுப்பாடிழந்து கடலில் விழுந்தது. அவர் இறந்தார்.

எனவே எஞ்சின் நின்றதும் முதல் வேலை விமானத்தை நேராகவும் வேகம் குறையாமலும் செலுத்துவது. உயரத்தைக் காக்க மூக்கைத் தூக்கினால் வேகம் குறையும். இறக்கை தாங்கும் ஆற்றலை இழக்கும். பிறகு இறங்கும் இடம். அதன்பின்தான் பழுதைத் தேடுவது. கட்டுபவருக்கும் பாடமுண்டு: அவசரத்தில் தேவைப்படுவது கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

ஒரு காகித விமானம் செய்து எறியுங்கள். மூக்கைத் தூக்கித் தடுமாறினால், நுனியில் ஒரு குண்டூசி குத்தி மீண்டும் எறியுங்கள். என்ன மாற்றம் தெரிகிறது?