உத்தியோகத்தோடு நிதிச் சட்டம் கற்றல்

சட்டம் படிப்பது நீதிமன்றத்தில் வாதாடுவதற்காகத்தான் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். ஆனால் நீதிமன்ற வாசலையே மிதிக்காத ஒருவரின் வாழ்விலும் சட்டம் அடிக்கடி குறுக்கிடும் இடம் ஒன்று உண்டு. அதுதான் பணம். வங்கியில் கணக்குத் திறக்கும்போதும், நகையை அடகு வைக்கும்போதும், முச்சக்கர வண்டியை லீசிங்கில் எடுக்கும்போதும், உறவினர் ஒருவரின் கடனுக்குப் பிணை நிற்கும்போதும் நாம் இடும் கையொப்பத்துக்குப் பின்னால் ஒரு சட்டம் இருக்கிறது. இவற்றைப் பற்றிய சட்டங்களின் தொகுப்பையே நிதிச் சட்டம் என்கிறோம். செய்யும் வேலையை விடாமல் இதனைப் பகுதிநேரமாகக் கற்பது எப்படி, அதன் பயன் என்ன, அதற்கு எதை இழக்க நேரிடும் என்பவற்றை இக்கட்டுரையில் விளக்க விரும்புகிறேன்.

என் மூத்த ராத்தா ஒரு வங்கிக் கிளையில் பணிபுரிந்துகொண்டே இலங்கைத் திறந்த பல்கலைக்கழகத்தில் சட்டமாணிப் பட்டத்துக்குப் படிக்கிறார். அவருடைய படிப்பை அருகிலிருந்து பார்த்தும் அவரிடம் கேட்டும் அறிந்தவையே இங்கு நான் எழுதுபவற்றில் பெரும்பகுதி.

நிதிச் சட்டத்தை விளங்கிக்கொள்ள அதை மூன்று கேள்விகளாகப் பிரித்துப் பார்க்கலாம் என்பார் ராத்தா. மக்களின் பணத்தை வைப்பாகப் பெற யாருக்கு அனுமதி உண்டு என்பது முதலாவது கேள்வி. 1988ஆம் ஆண்டின் 30ஆம் இலக்க வங்கிச் சட்டமும், 2011ஆம் ஆண்டின் 42ஆம் இலக்க நிதித்தொழில் சட்டமும் இதற்கு விடை தருகின்றன. மத்திய வங்கியின் உரிமம் இல்லாமல் எவரும் இத்தொழிலைச் செய்ய முடியாது. உரிமம் பெற்ற நிறுவனம் ஒன்று வீழ்ந்தால், வைப்புக் காப்புறுதித் திட்டத்தின்கீழ் ஒருவருக்கு ஒரு நிறுவனத்தில் உள்ள வைப்புக்கு உச்ச அளவாக 11 இலட்சம் ரூபா வரை இழப்பீடு உண்டு. இத்தொகை 2021இல் நிர்ணயிக்கப்பட்டது. "ஆள் சேர்த்தால் பணம் இரட்டிப்பாகும்" என்று வரும் பிரமிட் திட்டங்களுக்கு இந்தப் பாதுகாப்பு எதுவும் கிடையாது. அவற்றை நடத்துவது வங்கிச் சட்டத்தின்கீழ்க் குற்றமாகும்.

கடன் கொடுப்பவருக்கும் வாங்குபவருக்கும் உள்ள உரிமைகள் யாவை என்பது இரண்டாவது கேள்வி. உதாரணமாகப் பிணையாளியை எடுத்துக்கொள்வோம். இலங்கையின் பொதுச் சட்டமாகிய உரோமன் டச்சுச் சட்டத்தின்படி, கடன் கொடுத்தவர் முதலில் கடனாளியிடமே அறவிட முயல வேண்டும் என்று கேட்கும் சலுகை பிணையாளிக்கு உண்டு. ஆனால் நிறுவனங்கள் அச்சிட்டுத் தரும் பிணைப் பத்திரங்களில், "இச்சலுகையைக் கைவிடுகிறேன்" என்ற வாசகம் வழக்கமாகவே இருக்கும். அதில் ஒப்பமிட்ட பின்னர், கடனாளியை விட்டுவிட்டு நேரே பிணையாளியிடம் வரலாம். அவ்வாறே, 1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டம், ஈடு வைத்த சொத்தை நீதிமன்றம் செல்லாமலே ஏலத்தில் விற்கும் அதிகாரத்தை வங்கிகளுக்குத் தந்தது. பத்திரிகைகளில் நாம் வாசிக்கும் "பராட்டே" அதிகாரம் இதுவே. நெருக்கடியில் வீழ்ந்த தொழில் முயற்சியாளர்களுக்காக 2024இல் இது தற்காலிகமாக இடைநிறுத்தப்பட்டது.

பணம் எங்கிருந்து வந்தது என்பது மூன்றாவது கேள்வி. 2006ஆம் ஆண்டின் 6ஆம் இலக்க நிதியியல் கொடுக்கல்வாங்கல்களை அறிக்கையிடல் சட்டத்தின்கீழ், பத்து இலட்சம் ரூபாவும் அதற்கு மேற்பட்டதுமான காசுக் கொடுக்கல்வாங்கல்களை வங்கிகள் நிதியியல் உளவறிதல் பிரிவுக்கு அறிவிக்க வேண்டும். காணி விற்ற காசோடு வரும் முதியவரிடம், "இது எப்படி வந்த பணம்?" என்று கேட்டால் அவருக்குக் கோபம் வரும். சட்டம் தெரியாத உத்தியோகத்தர், "மேலிடத்து உத்தரவு" என்று சொல்லி நழுவுவார். சட்டம் தெரிந்தவரோ, அக்கேள்வி அவரைச் சந்தேகித்துக் கேட்பதல்ல என்பதை மரியாதையோடு விளக்குவார். படிக்கத் தொடங்கிய பின்னர் இந்த உரையாடல்தான் தனக்கு மிகவும் இலகுவாகிவிட்டது என்கிறார் ராத்தா.

வேலை செய்பவர் சட்டம் படிப்பதன் பெரும்பயன் இங்கேதான் தெரிகிறது. பாடசாலையை விட்டு நேரே செல்லும் மாணவி பிணைப் பத்திரத்தைப் புத்தகத்தில்தான் பார்ப்பாள். வங்கியில் வேலை செய்பவருக்கோ அது காலையில் கையில் எடுத்த படிவம். மாலையில் அதே விடயத்தைப் பாடத்தில் வாசிக்கும்போது அது மனதில் பதிந்துவிடுகிறது. சட்டம் மாறுவதும் அவருக்கு உடனே தெரிந்துவிடுகிறது. 2022 ஏப்ரலில் நம் நாடு வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை இடைநிறுத்தியது. அதன் பின்னர் வந்த மாற்றங்களில் ஒன்றாக, 1949ஆம் ஆண்டின் நாணய விதிச் சட்டத்துக்குப் பதிலாக 2023ஆம் ஆண்டின் 16ஆம் இலக்க இலங்கை மத்திய வங்கிச் சட்டம் வந்தது. பழைய சட்டத்தை வாசிக்கத் தொடங்கிய ஒருவர், படிப்பு முடிவதற்கு முன்பே புதிய சட்டத்தையும் வாசிக்க வேண்டியதாயிற்று.

நம் சமூகத்துக்கு நெருக்கமான ஓர் உதாரணமும் உண்டு. 2005இல் வங்கிச் சட்டத்தில் செய்யப்பட்ட திருத்தம், வட்டியற்ற இஸ்லாமிய வங்கி முறைக்கு இலங்கையில் வழி திறந்தது. முராபஹா, இஜாரா, முழாரபா என்பன மார்க்கச் சொற்கள் மட்டுமல்ல. ஒவ்வொன்றும் ஓர் ஒப்பந்தமாகும். பொருள் யாருடையது, சேதம் நேர்ந்தால் யார் பொறுப்பு, தவணை தவறினால் என்ன நடக்கும் என்பவற்றை வாடிக்கையாளருக்குத் தெளிவாகச் சொல்ல, மார்க்க அறிவோடு ஒப்பந்தச் சட்ட அறிவும் வேண்டும்.

இனி, படிக்கும் வழிகளைப் பார்ப்போம். 1980இல் நிறுவப்பட்ட திறந்த பல்கலைக்கழகத்தில் தெரிவுப் பரீட்சையில் சித்தியடைபவர்கள் சட்டமாணிப் பட்டத்தைத் தொலைக்கல்வி முறையில் பயிலலாம். ஒப்பந்தச் சட்டம், வர்த்தகச் சட்டம், சொத்துச் சட்டம் முதலியவையே நிதிச் சட்டத்தின் அத்திவாரம் என்பதால் இப்பட்டம் நல்ல தொடக்கமாகும். முழுப் பட்டம் வேண்டாம், தொழிலுக்கு வேண்டிய அளவு போதும் என்போருக்கு இலங்கை வங்கியாளர்கள் நிறுவகத்தின் பாடநெறிகள் உள்ளன. பட்டம் பெற்ற பின்னர் வங்கி, நிதிச் சட்டத்தில் சிறப்பாகக் கற்க விரும்புவோர், இலண்டன் பல்கலைக்கழகத்தின் சட்ட முதுமாணிப் படிப்பை இங்கிருந்தே தொலைக்கல்வியாகத் தொடரலாம். ஒன்றை மட்டும் மறக்கக்கூடாது. சட்டமாணிப் பட்டம் மட்டும் ஒருவரைச் சட்டத்தரணி ஆக்காது. அதற்குச் சட்டக் கல்லூரிப் பரீட்சைகளும், பயிற்சிக் காலமும், உயர் நீதிமன்றத்தில் சத்தியப்பிரமாணமும் வேண்டும்.

இதற்குக் கொடுக்கும் விலையும் சிறிதல்ல. மாத இறுதியில் வங்கியில் வேலை குவிந்திருக்கும். அதே வாரத்தில் ஒப்படையும் சமர்ப்பிக்க வேண்டியிருக்கும். தொடர் மதிப்பீட்டில் போதிய புள்ளி இல்லாவிட்டால் இறுதிப் பரீட்சைக்கே தோற்ற முடியாது. ராத்தா சுபஹுத் தொழுகைக்குப் பின் ஒரு மணி நேரம் படிப்பார். இரவில் களைப்போடு மூன்று மணி நேரம் படிப்பதைவிட அது மேல் என்பது அவருடைய அனுபவம். வருடாந்த விடுமுறையைச் சுற்றுலாவுக்கு எடுக்காமல் பரீட்சைக்காகச் சேமித்து வைக்கிறார். கல்யாண வீடுகளுக்குப் போவது குறைந்துவிட்டது. "நல்ல உத்தியோகம் இருக்கே, இன்னும் என்னத்துக்குப் புள்ள படிப்பு?" என்று உறவினர்கள் கேட்கும்போது உம்மாவுக்கும் சில நேரம் பதில் வருவதில்லை. இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. வாடிக்கையாளரின் விபரங்களை இரகசியமாகப் பேண வேண்டும் என்று வங்கிச் சட்டமே கட்டளையிடுகிறது. ஆகவே, வேலையில் கண்ட ஒருவரின் கதையை அவர் ஒப்படையில் எழுதுவதில்லை. எங்களிடமும் சொல்வதில்லை.

உறவினர்களின் கேள்விக்கு எனக்குப் பதில் கிடைத்தது எங்கள் தெருவில்தான். கணவனை இழந்த ஒருவரை நாங்கள் சாச்சி என்று அழைப்போம். அவர் தன் மருமகன் ஒரு நிதி நிறுவனத்தில் வாங்கிய கடனுக்கு ஒப்பமிட்டிருந்தார். "சாட்சிக்குத்தான்" என்று சொல்லப்பட்டதாம். பத்திரம் ஆங்கிலத்தில் இருந்தது. மருமகன் வெளிநாடு சென்று தவணை நின்றதும் கோரிக்கைக் கடிதம் சாச்சிக்கு வந்தது. "நான் ஒரு சதமும் எடுக்கல்லியே, எனக்கு ஏன் கடிதம்?" என்று அழுதார். ராத்தா கடிதத்தையும் பத்திரத்தின் பிரதியையும் இரண்டு தடவை வாசித்தார். அது சாட்சிக் கையொப்பம் அல்ல, பிணைக் கையொப்பம் என்பதை மறைக்காமல் சொன்னார். தான் சட்டத்தரணி அல்ல என்பதையும் சொல்லி, வருமானம் குறைந்தோருக்கு இலவசமாக உதவும் சட்ட உதவி ஆணைக்குழுவுக்கு அவரை அழைத்துச் சென்றார். கடன் இல்லாமல் போகவில்லை. ஆனால் சிறு தவணைகளாகச் செலுத்த இணக்கம் காணப்பட்டது. வீடு போய்விடுமோ என்ற பயம் சாச்சியை விட்டு நீங்கியது.

உயர்தரப் பெறுபேறு வந்ததும் இசட் புள்ளி போதவில்லை என்று படிப்பையே மூடிவைக்கும் தோழிகளுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். பகுதிநேரப் படிப்பு இரண்டாந்தரப் படிப்பல்ல. தொழில் செய்துகொண்டே படித்து முடிப்பவரின் பட்டத்தில் அனுபவமும் சேர்ந்தே இருக்கிறது. பெற்றோர்களிடமும் ஒரு வேண்டுகோள். படிப்புக்கான கட்டணத்தை மகள் தன் சம்பளத்திலிருந்தே கட்டிக்கொள்வாள். அவளால் தனியே ஏற்பாடு செய்ய முடியாதது நேரம் மட்டுமே. ஞாயிற்றுக்கிழமைச் சமையலில் ஒரு பங்கை வீட்டிலுள்ள மற்றவர்கள் எடுத்துக்கொண்டால் அவளுக்கு ஒரு விரிவுரைக்கான நேரம் கிடைத்துவிடும். எங்கள் வீட்டில் அந்தப் பங்கை இப்போது வாப்பாவும் நானும் செய்கிறோம்.