கொல்லைக்கு வந்த வல்லூறு

வேப்பமரத்து அணில்கள் வாலை உதறி உதறிக் கத்துகின்றன. தவிட்டுக்குருவிக் கூட்டம் சட்டென்று புதருக்குள் புகுந்துகொள்கிறது. கீழே பூனை இல்லையென்றால், இலை மறைவில் வல்லூறு உட்கார்ந்திருக்கக்கூடும். தேடிப் பாருங்கள்: புறா அளவுதான். சாம்பல் முதுகு, மார்பில் செம்பழுப்புக் குறுக்குவரிகள். ஆணுக்குக் கண் சிவப்பு. பெண்ணுக்கு மஞ்சள் சாயல், உடம்பும் பெரிது.

உங்களைக் கண்டதும் அது தலையைப் பக்கவாட்டில் திருப்பலாம். அலட்சியம் என்று நினைக்க வேண்டாம். இப்போதுதான் கூர்ந்து பார்க்கிறது. விழித்திரையில் காட்சி மிகத் தெளிவாகப் பதியும் சிறு பள்ளத்தை மையக்குழி என்பார்கள். நமக்குக் கண்ணுக்கு 1. இதற்குக் கண்ணுக்கு 2. ஒன்று எதிரே பார்க்கிறது. இரு கண்களின் காட்சியும் அங்கே ஒன்றுசேர்வதால் தூரம் துல்லியமாகப் பிடிபடும். மற்றது ஆழமானது, கூர்மையும் அதிகம். ஆனால் அதன் பார்வை அலகுக்கு நேராக இராது. வேட்டைப் பறவைகளில் அது ஏறத்தாழ 45 பாகை பக்கவாட்டில் விலகியிருக்கும். விழியோ குழிக்குள் அதிகம் சுழலாது. ஆகவே தலைதான் திரும்ப வேண்டும். ஓணானைத் தொலைவில் கண்டுகொள்ள ஒரு குழி, நெருங்கிப் பிடிக்க இன்னொன்று!

பாய்ச்சல் சில நொடிகளில் முடிந்துவிடும். கிளைகளுக்கிடையே புகுந்து செல்லத் தோதாக இறக்கைகள் குட்டை, வால் நீளம். வாலைச் சாய்த்தால் திருப்பம், விரித்தால் பிரேக். அப்படியும் பல முறை வெறுங்காலோடுதான் திரும்பும்.

பிடித்துவிட்டால் கதை வேறு. இரையின் கழுத்தை முறிக்க வேறு சில வேட்டைப் பறவைகளுக்கு அலகில் பல் போன்ற ஒரு முனை உண்டு. வல்லூறுக்கு அது கிடையாது. காலால் நெரித்தே கொல்ல வேண்டும். பின்விரலிலும் உள்விரலிலும்தான் நகங்கள் மிகப் பெரியவை. உண்மையான சூட்சுமம் தோலுக்குள் இருக்கிறது. விரலை மடக்கும் தசைநாண் (தசையை எலும்போடு இணைக்கும் நார்) சொரசொரப்பானது. அதைச் சுற்றிய உறையில் வரிவரியாக மேடுகள். விரல்கள் இறுகும்போது இரண்டும் கவ்விக்கொள்கின்றன, ஒயர் கட்டும் பிளாஸ்டிக் டையின் பற்கள் பூட்டிக்கொள்வது போல. அதனால் பிடி தளராமலிருக்கத் தசை ஓயாமல் உழைக்க வேண்டியதில்லை. அணில் எவ்வளவு திமிறினாலும் பூட்டு எளிதில் விடாது.

வல்லூறின் மிரட்டலை இரவல் வாங்கிப் பிழைக்கும் பறவை ஒன்றும் உண்டு: அக்காக்குயில். நிறம், வால்பட்டை, பறக்கும் விதம் எல்லாம் அப்படியே வல்லூறு. அது வந்து அமர்ந்தாலும் சிறு பறவைகள் பதறிக் கூச்சலிடும். அதுவோ கம்பளிப்புழு தின்னும். முட்டையிடுவது தவிட்டுக்குருவியின் கூட்டில்.