திருச்சி ஓட்ட வீரர்களும் உங்கள் காலை ஓட்டமும்: ஸ்டார்களிடம் எதைக் கற்கலாம்?

2024 மே மாதம், பஹாமாஸ் நாட்டின் நசாவ் நகரம். பாரிஸ் ஒலிம்பிக்ஸுக்கான 4x400 மீட்டர் தொடர் ஓட்டத் தகுதிச் சுற்று. இந்திய வீரர் ராஜேஷ் ரமேஷ் ஓடிக்கொண்டிருக்கும்போதே தசைப்பிடிப்பு வந்து நின்றுவிட்டார். அவ்வளவுதான், ரேஸ் முடிந்தது. மிச்சம் இருந்தது மறுநாள் கிடைக்கும் இன்னொரு வாய்ப்பு மட்டுமே.

அடுத்த நாள் ராஜேஷுக்குப் பதிலாகக் களமிறங்கியவர் லால்குடிக்காரர் ஆரோக்கிய ராஜீவ். 33 வயதை எட்ட இன்னும் சில வாரங்களே இருந்தன. 400 மீட்டர் ஓட்டத்தில் அது இளமை என்று சொல்லும் வயது அல்ல. இந்திய அணி 3 நிமிடம் 3.23 விநாடியில் ஓடி, அமெரிக்காவுக்கு அடுத்து இரண்டாவதாக வந்தது. பாரிஸ் டிக்கெட் உறுதியானது.

இதில் ஒரு திருச்சி ட்விஸ்ட்டும் உண்டு. தசைப்பிடிப்பால் நின்ற ராஜேஷ், திருச்சி ரயில் நிலையத்தில் டிக்கெட் பரிசோதகராக வேலை பார்த்தவர். அதே போட்டியில் பாரிஸுக்குத் தகுதி பெற்ற பெண்கள் அணியில் இருந்த சுபா வெங்கடேசனும் திருச்சிக்காரர்தான்.

யார் இவர்கள்?

ராணுவ வீரரான ராஜீவ், 2014 இன்சியான் ஆசிய விளையாட்டில் 400 மீட்டரை 45.92 விநாடியில் ஓடி வெண்கலம் வென்றார். 2017-ல் அர்ஜுனா விருது பெற்றார்.

2021 டோக்கியோ ஒலிம்பிக்ஸில் கலப்புத் தொடர் ஓட்டத்தில் இந்தியாவுக்காக ஓடிய நான்கு பேரில் மூன்று பேர் தமிழர்கள். திருச்சியின் ராஜீவ், சுபா, மதுரையின் ரேவதி. அன்று கடைசி இடம்தான் கிடைத்தது. ஆனால் 2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டில் சுபா இரண்டு தொடர் ஓட்டங்களில் வெள்ளி வென்றார். கலப்புத் தொடர் ஓட்ட வெள்ளியில் அவருடன் ஓடியவர்களில் ராஜேஷும் ஒருவர்.

இதெல்லாம் ஆபீஸ் போறவங்களுக்கு எதுக்கு?

நியாயமான கேள்விதான். இதற்கு கோல்ஃபில் ஒரு விடை இருக்கிறது. டோக்கியோவில் அதிதி அசோக் ஒரே ஒரு ஷாட் வித்தியாசத்தில் வெண்கலத்தைத் தவறவிட்ட 2021 ஆகஸ்ட் 7 அன்று, கோல்ஃப் விதியே தெரியாதவர்கள்கூட விடியற்காலையில் எழுந்து டிவி முன் உட்கார்ந்தார்கள். ஆனால் கோல்ஃப் ஆடுபவர்கள் அதை வேறு கண்ணால் பார்த்திருப்பார்கள். ஒரு பட்டைக் குழியில் போட எவ்வளவு நிதானம் தேவை என்பது அவர்களின் கைக்குத் தெரியும்.

ஓட்டமும் அப்படித்தான். பும்ராவின் பந்தை நாம் ஒருநாளும் எதிர்கொள்ளப் போவதில்லை. ஆனால் ராஜீவ் ஓடிய அதே 400 மீட்டரை யார் வேண்டுமானாலும் ஓடிப் பார்க்கலாம். கிலோமீட்டருக்கு 6 நிமிடம் என்ற வேகத்தில் ஜாகிங் செய்பவருக்கு 400 மீட்டர் கடக்க 144 விநாடி ஆகும். ராஜீவின் நேரத்தைப்போல் மூன்று மடங்குக்கும் மேல். ஒருமுறை ஓடிப் பார்த்துவிட்டு டிவியில் ரேஸ் பார்த்தால், கடைசி 100 மீட்டரில் அவர்கள் முகம் ஏன் அப்படிச் சுருங்குகிறது என்பது புரியும்.

ஹீரோ சறுக்கினால்?

2021 மார்ச்சில் பாட்டியாலாவில் நடந்த ஃபெடரேஷன் கோப்பையில், திருச்சி குண்டூரைச் சேர்ந்த தனலட்சுமி சேகர் 100 மீட்டரில் டூட்டி சந்தை முந்தினார். நேரம் 11.39 விநாடி. 200 மீட்டரில் பி.டி.உஷாவின் போட்டிச் சாதனையையும் முறியடித்தார். ஒரே வாரத்தில் ஊரே அவர் பெயரைச் சொன்னது.

அடுத்த ஆண்டே ஊக்கமருந்துச் சோதனையில் மெட்டான்டினோன் என்ற ஸ்டீராய்டு கண்டறியப்பட்டது. காமன்வெல்த் போட்டி வாய்ப்பு பறிபோனது. மூன்று ஆண்டு தடை விதிக்கப்பட்டது.

இதன் மறுபக்கத்தில் ராஜீவ் இருக்கிறார். 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் கலப்புத் தொடர் ஓட்டத்தில் அவரது அணிக்கு முதலில் கிடைத்தது வெள்ளி. முதலிடம் பிடித்த பஹ்ரைன் அணியில் ஒருவர் ஊக்கமருந்து விவகாரத்தில் சிக்கியதால், 2020-ல்தான் அது தங்கமானது. தங்கம் வந்தது சரி. ஆனால் மேடையில் நின்று தேசிய கீதம் கேட்கும் அந்த நிமிடம் திரும்ப வருமா?

ஜிம்முக்குப் போகும் இளைஞர்களுக்கு இதில் நேரடியான பாடம் உண்டு. லேபிள் சரியில்லாத பவுடர், 'அண்ணன் கொடுத்தார்' என்று வாங்கும் மாத்திரை போன்றவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம். போட்டிக்குப் போகிறவர் என்றால், உடலில் என்ன இருந்தாலும் அதற்கு வீரரே பொறுப்பு என்பதுதான் விதி. போட்டிக்கே போகாதவர் என்றாலும் கல்லீரலும் இதயமும் அதற்கு விலை கொடுக்கும்.

எதை காப்பி அடிக்கலாம்?

வேகத்தை அல்ல, முறையை. 400 மீட்டர் வீரர்கள் தினமும் முழு வேகத்தில் ஓடுவதில்லை. வேகமாக ஒரு சுற்று, மூச்சு வாங்க இடைவெளி, மறுபடியும் ஒரு சுற்று. இதற்கு இன்டர்வல் பயிற்சி என்று பெயர்.

இதற்கு சிந்தெட்டிக் டிராக் இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. ஸ்ரீரங்கத்தின் சித்திரை வீதிகளையே எடுத்துக்கொள்ளுங்கள். நாலு வீதி சுற்றினால் புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடலாம். ஒரு வீதி வேக நடை, அடுத்த வீதி மெதுநடை. இரண்டு வாரம் போனதும் வேக நடையை மெல்லோட்டமாக மாற்றலாம். கோலம் போடும் நேரத்துக்கு முன்பே கிளம்பிவிட்டால் டூவீலர் தொல்லை குறைவு. திருவிழா நாட்களில் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

வாரத்தில் ஒரு நாளாவது முழு ஓய்வு கட்டாயம். பயிற்சியில் களைத்த தசை தன்னைச் சரிசெய்துகொள்வது ஓய்வில்தான். ஓடும்போது தசை பிடித்தால் பல்லைக் கடித்துக்கொண்டு ஓடாதீர்கள். நசாவில் ராஜேஷே நின்றுவிட்டார். நெஞ்சுவலி, சர்க்கரை, ரத்த அழுத்தம் இருப்பவர்கள் டாக்டரிடம் கேட்ட பிறகே தொடங்க வேண்டும்.

நின்ற ராஜேஷுக்கு அதன் பிறகு என்ன ஆனது? 2024 ஆகஸ்டில் பாரிஸில் இந்தியாவுக்காக 4x400 ஓடிய நால்வரில் அவர் இருந்தார். அந்த டிக்கெட்டை வாங்கித் தந்த அணியில் ஓடிய ராஜீவ் இல்லை.