மெமரிக்குத் தனி விலை

கால்குலேட்டரை வாங்கியதோடு செலவு முடியவில்லை. அதன் நினைவுத் திறனைக் கூட்டப் போனவர்களுக்குக் காத்திருந்தது இன்னொரு பில்.

கல்கத்தா அலிப்பூரில், பழைய பெல்வெடர் மாளிகைக்கு 1948இல் குடிபெயர்ந்தது தேசிய நூலகம். தமிழ் உட்பட எல்லா மொழிப் பதிப்பாளர்களும் புத்தகத்தில் ஒரு பிரதியை இங்கே அனுப்ப வேண்டும் என்கிறது 1954ஆம் வருடச் சட்டம். புத்தகங்கள் குவிந்தன, மாளிகை திணறியது. பாஷா பவன் என்ற புதிய கட்டடம் 2004இல் திறக்கப்பட்டது. இடம் தீர்ந்தால் கட்டடம் வேண்டும். கட்டடத்துக்குப் பணம் வேண்டும்.

எண்களைச் சேமிக்கும் கருவிகளுக்கும் இதே நெருக்கடிதான். இதே நகரின் வடக்கே, பாராநகரில் உள்ள இந்தியப் புள்ளியியல் கழகம் 1955இல் பிரிட்டனிலிருந்து எச்.ஈ.சி.-2எம் கம்ப்யூட்டரைத் தருவித்தது. விலை சுமார் இரண்டு லட்ச ரூபாய். சுழலும் காந்த உருளையில் அது வைத்துக்கொண்டதோ 1,024 எண்கள்!

முப்பது ஆண்டுகளில் கருவி சட்டைப் பைக்குள் வந்துவிட்டது, பற்றாக்குறை மட்டும் கூடவே வந்தது. திரையில் வரைபடம் வரைந்து காட்டிய முதல் கால்குலேட்டரான கேசியோ எஃப்எக்ஸ்-7000ஜி (1985) புரோகிராமுக்கு ஒதுக்கிய இடம் வெறும் 422 பைட்.

இந்தப் பற்றாக்குறை நல்ல வியாபாரம் ஆகும் என்பதை அதற்கு முன்பே கண்டுகொண்டது ஹியூலெட்-பேக்கார்டு. 1979இல் 295 டாலருக்கு வந்த அதன் எச்.பி.-41சி வரைபடம் வரையாது. ஆனால் தலைப்பகுதியில் நான்கு ஸ்லாட்டுகள் உண்டு. ஒவ்வொன்றிலும் 448 பைட் மெமரி மாட்யூல் ஒன்றைச் செருகலாம். நான்கையும் செருகிவிட்டால்? பிரின்டருக்கோ கார்டு ரீடருக்கோ இடமில்லை. அடுத்த வருடமே நான்கு மாட்யூல்களின் மெமரியையும் உள்ளேயே அடக்கிய 41சிவி வந்தது. விலை 325 டாலர். முதல் ஆண்டில் வாங்கியவர்கள் கொடுத்ததைவிட 30 டாலர்தான் கூடுதல். மாட்யூல்களைத் தனித்தனியாக வாங்கிச் சேர்த்தவர்கள் கையைப் பிசைந்திருக்க வேண்டும்.

1990இல் வந்த வரைபடக் கால்குலேட்டரான எச்.பி.-48எஸ்எக்ஸில் விவகாரம் இன்னும் பெரிது. கருவி 350 டாலர்; உள்ளே 32 கிலோபைட். மேற்கொண்டு 32 கிலோபைட் கார்டு வேண்டுமா? சுமார் 80 டாலர். 128 கிலோபைட் கார்டு? சுமார் 250 டாலர். அன்றைய மதிப்பில் நாலாயிரம் ரூபாய்க்கு மேல். சுங்க வரி வேறு. இருந்த இரண்டு ஸ்லாட்டுகளிலும் பெரிய கார்டைச் செருகினால் செலவு கருவியின் விலையையே தாண்டிவிடும். அதோடும் விடவில்லை. கார்டுக்குத் தனி பேட்டரி. கால்குலேட்டரை ஓடவிட்டுத்தான் அதை மாற்ற வேண்டும். மறந்தால் சேமித்தது அத்தனையும் போச்சு.

விலை முழுவதும் சிலிக்கானின் விலை அல்ல. கார்டின் வடிவமும் ஸ்லாட்டும் கம்பெனிக்கே உரியவை. வேறு கார்டு அதில் பொருந்தாது. 1993இல் இது வெட்டவெளிச்சமானது. ஸ்லாட் இல்லாத, 32 கிலோபைட் கொண்ட 48ஜி 165 டாலர்; ஸ்லாட்டும் 128 கிலோபைட்டும் கொண்ட 48ஜிஎக்ஸ் 350 டாலர். துணிச்சல்காரர்கள் மலிவான 48ஜியை வாங்கி, உடைத்துத் திறந்து, கடையில் கிடைத்த பெரிய சிப்பைத் தாங்களே பற்றவைத்தார்கள். கை தவறினால் கருவி குப்பைக்கு. தவறாவிட்டால் விலை உயர்ந்த மாடலின் மெமரி சில டாலரில்.

பிறகு சிப் விலை சரிந்தது, ஸ்லாட்டுகளும் மறைந்தன. 2013இல் வந்த எச்.பி. பிரைமில் 32 மெகாபைட் மெமரி, அதாவது 48எஸ்எக்ஸைப் போல ஆயிரம் மடங்கு. ஆனால் இத்தனை நினைவாற்றலே பரீட்சை ஹாலில் சந்தேகத்துக்கு உரியதாகிவிட்டது. உள்ளே சூத்திரம் இருக்கிறதா, விடையே இருக்கிறதா, யார் கண்டது? கேட் தேர்வில் 2016 முதல் சொந்தக் கால்குலேட்டருக்கே அனுமதி இல்லை. கம்ப்யூட்டர் திரையில் காட்டப்படுவதைத்தான் எல்லோரும் பயன்படுத்த வேண்டும்.

பழைய கணக்கு இப்போது செல்போன் கடைக்கு மாறியிருக்கிறது. கார்டு செருக இடமில்லாத போனில் 128 ஜி.பி.க்கும் 256 ஜி.பி.க்கும் இடையே ஆயிரக்கணக்கில் வித்தியாசம். பற்றவைக்கும் துணிச்சலும் இங்கே உதவாது. எனவே எவ்வளவு மெமரி தேவை என்ற கணக்கைக் கடைக்குப் போகும் முன்பே போட்டுவிடுவது பர்ஸுக்கு நல்லது.