பீரோவில் உறங்கும் குரல்கள்

பல பள்ளிகளின் இரும்பு பீரோவில் இன்றும் ஒரு பழைய டேப் ரெக்கார்டர் இருக்கும். ஆங்கில உச்சரிப்புப் பயிற்சிக்கும் பாடல்கள் கேட்கவும் ஒரு காலத்தில் பயன்பட்ட கருவி, இன்று இருப்புப் பதிவேட்டில் மட்டுமே வாழ்கிறது. அதைக் கழிவுப் பொருள்களின் பட்டியலில் சேர்க்கும் முன், உள்ளே கேசட் ஏதும் இருக்கிறதா என்று பாருங்கள்.

எங்கள் பள்ளிக் கருவியில் அப்படி ஒரு கேசட் சிக்கியிருந்தது. அதன் காலி உறையில் 'தாலாட்டு, நடவுப் பாட்டு – 7ஆம் வகுப்பு' என்று பேனாவால் எழுதியிருந்தார்கள். சுமார் 20 ஆண்டுகளுக்கு முன்பு மாணவர்கள் தங்கள் பாட்டிமாரைப் பாடச் சொல்லிப் பதிவு செய்தவை. பாடியவர்களில் பலர் இன்று இல்லை. வேறு பிரதியும் இல்லை. பிளே பொத்தான் அழுந்தியபடியே இறுகியிருந்தது. கதவும் திறக்கவில்லை. தலைமையாசிரியரின் அனுமதி பெற்று, நானே சரிசெய்ய முயன்றேன். நான் செய்த முறையை நீங்களும் பின்பற்றலாம்.

நாடா எப்படி நகர்கிறது?

1963இல் பிலிப்ஸ் நிறுவனம் அறிமுகப்படுத்திய கேசட்டில், நாடா நொடிக்கு 4.76 செ.மீ. வேகத்தில் நகர்கிறது. இந்த வேகத்தைத் தருவது கேசட்டின் சக்கரங்கள் அல்ல. கேப்ஸ்டன் எனப்படும் மெல்லிய எஃகுத் தண்டு. பிஞ்ச் ரோலர் என்னும் ரப்பர் உருளை நாடாவைத் தண்டோடு சேர்த்து அழுத்த, தண்டு சுழன்று நாடாவை இழுக்கிறது. அப்படி வரும் நாடாவைச் சுற்றிக்கொள்வது மட்டுமே வலப்பக்கச் சக்கரத்தின் வேலை. மோட்டாரிலிருந்து இவற்றுக்குச் சுழற்சியைக் கொண்டுசேர்ப்பவை ரப்பர் பெல்ட்டுகள்.

ஏன் சிக்குகிறது?

காரணங்கள் பெரும்பாலும் இரண்டு. முதலாவது, ஆண்டுக்கணக்கில் பயன்படுத்தாததால் கிரீஸ் பசைபோல் இறுகிவிடும். பொத்தான்களைப் பிடித்து விடுவிக்கும் தகடு அதனால் நகராது. பிளே நிலையில் ஹெட்டும் உருளையும் கேசட்டுக்குள் நுழைந்திருப்பதால் கதவும் திறக்காது. இரண்டாவது, பெல்ட் தளர்ந்துவிடும். அப்போது வலப்பக்கச் சக்கரம் நின்றுவிட, கேப்ஸ்டன் மட்டும் நாடாவைத் தள்ளிக்கொண்டே இருக்கும். போக இடமில்லாத நாடா ரப்பர் உருளையைச் சுற்றிக்கொள்ளும். எங்கள் கருவியில் இரண்டும் சேர்ந்தே இருந்தன.

மீட்கும் முறை

1. மின் இணைப்பைத் துண்டித்து, பேட்டரிகளை எடுத்துவிடுங்கள். கேசட்டை நெம்பி இழுக்க வேண்டாம். நாடா கிழிந்தால் குரலும் போய்விடும்.

2. பின்பக்கத் திருகாணிகளைக் கழற்றுங்கள். பேட்டரி அறைக்குள்ளும் ஒன்று ஒளிந்திருக்கலாம். இரு பாதிகளையும் ஒயர்கள் இணைத்திருக்கும் என்பதால் மெதுவாகப் பிரியுங்கள். ஒவ்வொரு கட்டத்தையும் செல்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

3. இறுகிய தகட்டின் ஓரங்களில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சுக் குச்சியால் தொட்டுவைத்துச் சில நிமிடம் பொறுங்கள். பிறகு ஸ்டாப் பொத்தானை மெல்ல அழுத்தி அழுத்தி விடுங்கள். தகடு நகர்ந்ததும் பிளே பொத்தான் மேலே வரும்.

4. உருளையில் நாடா சுற்றியிருந்தால், கேப்ஸ்டனோடு இணைந்த கனமான ஃபிளைவீலைக் கையால் பின்னோக்கி மெதுவாகச் சுழற்றுங்கள். நாடா தானே அவிழும். உதவிக்கு மரக்குச்சி போதும். காந்தமேறிய இரும்புக் கருவி பதிவைக் கெடுக்கக்கூடும்.

5. பெல்ட்டை மாற்றுங்கள். பழையதைத் தட்டையாக மடித்து அளந்து, சற்றுச் சிறியதாக வாங்குங்கள். அலுவலக ரப்பர் பேண்டு ஒரே தடிமனாக இராது; குரல் ஏறி இறங்கும்.

6. ஹெட், கேப்ஸ்டன், ரப்பர் உருளை மூன்றையும் துடைத்து உலரவிடுங்கள். முதலில் தேவையற்ற கேசட் ஒன்றை ஓட்டிப் பாருங்கள்.

மீட்ட கேசட்டைப் போடும் முன் அதன் பின்விளிம்பில் உள்ள இரு சிறு பிளாஸ்டிக் தாழ்களை உடைத்துவிடுங்கள். தவறுதலாக ரெக்கார்டு பொத்தானை அழுத்தினாலும் பதிவு அழியாது. தளர்ந்த நாடாவைச் சக்கரத்துளையில் பென்சில் செருகிச் சுற்றி இறுக்குங்கள்.

ஹெட்போன் துளையிலிருந்து கம்பி மூலம் கணினிக்குக் கொடுத்து, ஆடாசிட்டி என்னும் இலவச மென்பொருளில் பதிவு செய்தேன். கசங்கிய பகுதியில் சில நொடிகள் ஒலி மங்கியது. மற்ற பாடல்கள் தெளிவாகக் கிடைத்தன. தாலாட்டுகளில் ஒன்று, இப்போது 6ஆம் வகுப்பில் படிக்கும் மாணவியின் கொள்ளுப்பாட்டி பாடியது. அவர் குரலை அவள் கேட்டது அதுவே முதல்முறை.

வகுப்பறைக்குள்

செல்பேசியைத் திறந்து காட்டினால் மாணவர்களுக்கு அசையும் பாகம் எதுவும் தெரியாது. இதிலோ மோட்டார், பெல்ட், உராய்வு, காந்தம் எல்லாம் கண்முன் இயங்குகின்றன. நாடா ஒரே வேகத்தில் நகர்ந்தும், சுற்றும் சக்கரம் நிறைய நிறைய ஏன் மெதுவாகச் சுழல்கிறது என்று கேளுங்கள். சுற்றளவுப் பாடம் அங்கேயே தொடங்கிவிடும்.

60 நிமிடக் கேசட்டில் நாடாவின் நீளம் என்ன என்றும் கேட்கலாம். பலர் 3,600 நொடியால் பெருக்குவார்கள். ஒரே நாடாதான் இரு பக்கமும் ஓடுகிறது என்பதைக் கண்டுபிடிப்பவர், 1,800 × 4.76 = 8,568 செ.மீ., அதாவது ஏறத்தாழ 86 மீட்டர் என்பார். அந்த ஒரு கேசட்டை நாங்கள் விளையாட்டுத் திடலில் நாடா பிடித்து அளந்த தூரத்தோடு ஒப்பிட்டோம். மாணவர்கள் நம்ப மறுத்தார்கள்! மின் இணைப்பு உள்ளபோது கருவியைத் திறக்கக் கூடாது என்பதையும், திறக்கும் வேலை ஆசிரியருடையது என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

உங்கள் பள்ளியில் எழுத்து அழிந்த கேசட்டுகள் இருந்தால், ஒருமுறை ஓட்டிக் கேளுங்கள். ஆண்டு விழாப் பேச்சோ, ஓய்வுபெற்ற ஆசிரியரின் பாடமோ, ஊரின் ஒப்பாரியோ அதில் இருக்கலாம். கணினியில் சேமிக்கும்போது பாடியவர் பெயர், ஊர், பதிவு செய்த ஆண்டு ஆகியவற்றை விசாரித்து எழுதிவையுங்கள். விவரம் தெரிந்தவர்கள் ஊரில் இருக்கும்போதே அதைச் செய்துவிட வேண்டும்.